தோட்டத்து மண் ரோட்டுக்கு ஆட்டோமேட்டிக் தாங்குமா? ஃபோர் வீல் டிரைவ் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

சரவணம்பட்டியில் ஐடி வேலை. பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு. வாரத்தில் ஐந்து நாள் சத்தி ரோட்டு டிராஃபிக், சனிக்கிழமையானால் தோட்டத்து மண் தடம். கொங்குப் பகுதியில் இப்படி இரண்டு ரோட்டிலும் வாழ்பவர்கள் நிறைய. அவர்கள் வீட்டில் தார், ஜிம்னி என்று பேச்சு எழுந்தாலே ஒரு பட்டிமன்றம் ஆரம்பித்துவிடும்.

"ஆட்டோமேட்டிக் எதுக்கு கண்ணு? சேத்துல சிக்குனா கியர் போட்டு எடுக்க வேண்டாமா?" என்பார் அப்பா. "தெனமும் டிராஃபிக்ல கிளட்ச் மிதிக்கறது நானுங்கப்பா" என்பாள் மகள்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மகள் பக்கம்தான் நியாயம் கொஞ்சம் கூடுதல். தோட்டம், எஸ்டேட், வார இறுதி என்று ஓட்டுபவருக்கு இன்றைய நல்ல ஆட்டோமேட்டிக்கே போதும். பல இடங்களில் மேனுவலைவிட மேல். ஒரே ஒரு நிபந்தனை, இறக்கத்தில் அதை எப்படி ஓட்டுவது என்று கற்றிருக்க வேண்டும். அதில் கோட்டைவிட்டால் சிக்கல் சேற்றோடு நிற்காது, உயிருக்கே வந்துவிடும்.

முதலில் அது உண்மையான ஃபோர் வீலா?

கியர்பாக்ஸ் பற்றிப் பேசும் முன் ஒரு விஷயம். ரோட்டில் பார்க்கிற எல்லா தாரும் ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. 2020-ல் புதிய தார் வந்தபோது அது ஃபோர் வீலாகத்தான் வந்தது. 2023 ஜனவரியில் விலை குறைந்த ரியர் வீல் டிரைவ் தாரும் வந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸில் டீசலுக்கு மட்டுமே ஃபோர் வீல். 2023 ஜூனில் வந்த ஜிம்னியில் எல்லா மாடலுக்கும் ஃபோர் வீல் உண்டு. ஃபோர்ஸ் கூர்க்காவும் ஃபோர் வீல்தான், ஆனால் மேனுவல் மட்டுமே.

அடையாளம் சுலபம். கியர் லீவருக்குப் பக்கத்தில் 2எச், 4எச், 4எல் என்று எழுதியிருக்க வேண்டும். இதில் 4எல் தான் முக்கியம். அதைப் போட்டால் சக்கரத்தின் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும், அதே அளவுக்கு இழுவை கூடும். கல்லும் குழியுமான ஏற்றத்தில் வண்டியை நிதானமாக ஏற்றுவது இதுதான். 4எல் இல்லாத மேனுவலைவிட, 4எல் உள்ள ஆட்டோமேட்டிக் எந்த மண் ரோட்டிலும் மேல்.

ஏற்றத்தில் யாருக்கு லாபம்?

தார், ஜிம்னி இரண்டிலும் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். இதில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் தட்டுக்குப் பதிலாக ஆயில்தான் சுழற்சியைக் கடத்துகிறது. வண்டி நகர ஆரம்பிக்கும் நேரத்தில் இழுவையை இது பெருக்கியும் தரும். அதனால் பாறை மேல் சக்கரம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தால் போதும். ஆஃப் ஆகிவிடுமோ, பின்னால் உருண்டுவிடுமோ என்ற பயம் குறைவு.

மேனுவலில் அதே இடத்தில் பாதி கிளட்ச் பிடித்தால்? கருகல் வாடை வரும். இரண்டு மூன்று முறை அப்படி ஏற்றினால் கிளட்ச் தட்டு தேய்ந்து, செலவு கண்டிப்பாக வைக்கும். அனுபவசாலி டிரைவர் 4எல்-லில் முதல் கியர் போட்டுவிட்டு கிளட்ச்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுவார். வண்டி தானே ஊர்ந்து ஏறும். புதிதாக ஓட்டுபவருக்கு அந்தக் கால் பழக்கம் வர நாளாகும்.

ஆனால் 'ஆட்டோமேட்டிக்' என்று விற்கிற எல்லாமே ஒன்றல்ல. 2014-ல் செலேரியோவோடு இந்தியாவில் பரவலான ஏஎம்டி, உள்ளே ஒரு மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை நம் காலுக்குப் பதில் மெஷின் மிதிக்கிறது, அவ்வளவே. ஏற்றத்தில் ஊர்ந்தால் அதுவும் சூடாகும். "போன வண்டி ஆட்டோமேட்டிக்குதான், மேட்டுல ஏறவே இல்ல" என்று சொல்பவரிடம், அது எந்த ஆட்டோமேட்டிக் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

இறக்கத்தில் அப்பா சொல்வதே சரி

மேனுவலில் முதல் கியர் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கும். பிரேக்குக்கு வேலை குறைவு. ஆட்டோமேட்டிக்கை 'டி'-யில் விட்டால் அந்தப் பிடி குறைவு. வேகம் கூடக் கூடக் கால் பிரேக் மேலேயே இருக்கும். நீளமான இறக்கத்தில் பிரேக் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வந்துவிடும். ஆழியாறு - வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், திம்பம் மலையின் 27 வளைவுகளிலும் இறங்கியவர்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்கும். தார் ரோட்டிலேயே இப்படி என்றால், ஜல்லி உருளும் எஸ்டேட் பாதையில் சக்கரம் பூட்டி வழுக்கவும் செய்யும்.

தீர்வு வண்டிக்குள்ளேயே இருக்கிறது. ஜிம்னி ஆட்டோமேட்டிக்கில் '2', 'எல்' என்ற நிலைகள் உண்டு. தாரில் கியரை நாமே குறைக்கும் வசதி உண்டு. 4எல்-லோடு இதைச் சேர்த்தால் ஆட்டோமேட்டிக்கும் நிதானமாகவே இறங்கும். ஹில் டிசென்ட் கன்ட்ரோல் இருந்தால் இன்னும் நல்லது. வாங்கி இரண்டு வருஷமாகியும் லீவரை 'டி'-யைத் தாண்டி நகர்த்தாதவர்கள்தான் பிரச்சனை. ஏற்றத்தில் எந்த கியரில் ஏற வேண்டுமோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்ற பழைய பாடம் ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும்.

கரிசலும் காட்டாறும்

பல்லடம், உடுமலை பக்கத்துக் கரிசல் மண் மழையில் நனைந்தால் டயர் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். அப்புறம் டயர் வழவழவென்று ஆகிவிடும். இரண்டு பக்கமும் வேலி போட்ட குறுகலான இட்டேரியில் இப்படிச் சிக்கினால் வண்டியைத் திருப்பவும் இடமிருக்காது. இங்கே கியர்பாக்ஸ் பட்டிமன்றத்துக்கே வேலை இல்லை. காப்பாற்றுவது நல்ல பட்டன் டயரும், ஒரு சக்கரம் மட்டும் வெட்டியாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல் லாக்கும்தான். கூர்க்காவில் முன், பின் இரண்டுக்கும் இந்த லாக் உண்டு. ஜிம்னியில் அந்த வேலையை பிரேக் மூலமாகச் செய்கிறார்கள்.

தண்ணீரில் இறங்கினால் ஆட்டோமேட்டிக்குக்குச் சின்ன லாபம் இருக்கிறது. நடுவில் கியர் மாற்றி வேகம் இழக்க வேண்டாம். மேனுவலில் நடுத்தண்ணீரில் கிளட்ச்சை மிதிக்கவே கூடாது என்பார்கள். ஆனால் சத்தியமங்கலம் கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிற வழியைப் பாருங்கள். குரும்பூர் பள்ளத்திலும் சர்க்கரைப் பள்ளத்திலும் காட்டாறு வந்து போக்குவரத்து நின்ற செய்தி மழைக்காலத்தில் பலமுறை வந்திருக்கிறது. தார் 650 மில்லிமீட்டர் தண்ணீரைத் தாண்டும் என்று கம்பெனி சொல்லலாம். ஓடும் வெள்ளத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. அங்கே இறங்காமல் நிற்பதுதான் சரியான டிரைவிங்.

யாருக்கு மேனுவல்?

தினமும் மலை கிராமத்துக்கு ஆளும் லோடும் ஏற்றும் ஜீப் டிரைவர்களுக்கு மேனுவல்தான் இன்றும் சரி. பேட்டரி படுத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக்கில் அது முடியாது. கிளட்ச் போனால் அந்தியூரிலோ வால்பாறையிலோ இருக்கும் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுதானால் கோவைக்குக் கட்டி இழுத்து வர வேண்டும். விலையிலும் மேனுவல் குறைவு.

ஆனால் 'மண் ரோடுன்னா மேனுவல்தான்' என்ற நம்பிக்கை உலகம் முழுக்கத் தளர்ந்துவருகிறது. ஆஸ்திரேலியாவின் பண்ணைகளும் சுரங்கங்களும் பல பத்தாண்டுகளாக நம்பி ஓட்டும் டொயோட்டா லேண்ட் க்ரூசர் 70 சீரிஸ், அங்கே 2023-ல் ஆட்டோமேட்டிக்கிலும் அறிவிக்கப்பட்டது. மண் ரோட்டிலேயே பிழைப்பு நடத்துபவர்களும் அதை ஏற்றுக்கொள்ளும்போது, மாதத்துக்கு நாலு தடவை தோட்டத்துக்குப் போகிறவர் தயங்கத் தேவையில்லை.

மகளுக்கு ஆட்டோமேட்டிக் வாங்கலாம். ஆனால் டெஸ்ட் டிரைவை அவிநாசி ரோட்டு மேம்பாலத்தில் முடித்துக்கொள்ளக் கூடாது. ஷோரூம்காரரிடம் பேசி, முடிந்தால் தோட்டத்து தடத்துக்கே வண்டியைக் கொண்டுபோக வேண்டும். 4எல் போட்டு மேட்டில் ஒருமுறை ஏற்றி, 'எல்' போட்டு பிரேக்கைத் தொடாமல் ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டும். பக்கத்து சீட்டில் அப்பாவையும் உட்கார வைத்துக்கொண்டால் வீட்டுப் பட்டிமன்றத்துக்கும் அங்கேயே தீர்ப்பு கிடைத்துவிடும்.