ஆறாவது வாரத்தில் மறக்கப்படும் தாய்

என் மகள் கருவுற்றிருந்த ஏழாவது மாதத்தில் அவளது ரத்தச் சர்க்கரை உயர்ந்திருப்பது தெரியவந்தது. உணவு முறை மாறியது, நடைப்பயிற்சி தொடங்கியது. நல்லபடியாகக் குழந்தை பிறந்ததும் வீட்டில் அனைவரும் அந்த நோயை மறந்துபோனோம். ஆறு வாரங்கள் கழித்து அவளுக்கு மறுபரிசோதனை தேவை என்பதை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் கற்பித்த நானும் எண்ணிப் பார்க்கவில்லை. நான்கு ஆண்டுகள் சென்று, வேறொரு காரணத்துக்காக ரத்தம் எடுத்தபோதுதான் அவளுக்கு நீரிழிவு நிலைத்துவிட்டதை அறிந்தோம்.

இது எங்கள் வீட்டு மறதி மட்டுமன்று.

தாயின் ரத்தத்தில் மிகுந்துள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியே கருவைச் சென்றடைகிறது. தாயின் இன்சுலின் அவ்வாறு செல்வதில்லை. எனவே, கருவின் கணையமே கூடுதல் இன்சுலினைச் சுரக்க நேர்கிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது. இது கண்ணுக்குத் தெரிவது. உயிரணுக்களுக்குள் நிகழ்வதோ தெரிவதில்லை. அங்கு ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா, எரிபொருள் மிகும்போது, உயிரணுவையே சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கூடுதலாக வெளியிடுகிறது. எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தும் வேதிக்குறிகளும் மாறக்கூடும் என்று ஆய்வுகள் உணர்த்துகின்றன.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பிமா பழங்குடியினரிடையே நடத்தப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஒரே தாயின் பிள்ளைகளில், அவருக்கு நீரிழிவு வருமுன் பிறந்தவர்களைவிட, வந்த பின் பிறந்தவர்களுக்கே அந்நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பரம்பரை மட்டுமே காரணம் என்று இனியும் நாம் கைவிரிக்க முடியாது. கருவறையின் சூழலும் ஒரு காரணம். அது நம்மால் திருத்தக்கூடியது.

இதை உணர்ந்து செயல்பட்டதில் தமிழகம் முன்னோடி. சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் முயற்சியால், கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற அரசாணை 2007-இல் பிறந்தது. வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரை அருந்தி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். அளவு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. மத்திய அரசின் நெறிமுறையும் இம்முறையையே ஏற்றது. பேறு முடிந்த ஆறாவது வாரத்தில் மறுபரிசோதனை வேண்டும் என்றும் அந்நெறிமுறை கூறுகிறது.

பிறகு ஏன் அது நழுவுகிறது? செலவு ஒரு துறையிலும் பயன் மற்றொரு துறையிலும் விழும்போது, அப்பணிக்கு உரிமை கோருவார் இருப்பதில்லை என்பது பொருளாதாரத்தின் பழைய பாடம். மகப்பேறுப் பிரிவின் கணக்கு குழந்தை பிறந்ததும் முடிகிறது. நீரிழிவுப் பிரிவின் கணக்கு நோய் முற்றிய பின்னரே தொடங்குகிறது. இடையில் நிற்கும் பெண் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அவர் அறியாமலே நீரிழிவோடு மீண்டும் கருவுற்றால், உறுப்புகள் உருவாகும் முதல் வாரங்களிலேயே அடுத்த குழந்தை பாதிப்புக்கு உள்ளாகிறது.

தீர்வு எளிது. அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடப்படுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயே வருகிறார். அவர் வந்தவுடன் குளுக்கோஸ் நீரைக் கொடுத்துவிட்டால், தடுப்பூசிக்கும் அதன் பிறகான கண்காணிப்புக்கும் காத்திருக்கும் நேரம் பரிசோதனைக்கும் பயன்படும். பேறுகாலப் பதிவுக்கான பிக்மி எண் ஏற்கெனவே இருக்கிறது. தடுப்பூசி அட்டையில் தாய்க்கென ஒரு கட்டம் சேர்த்தால், செவிலியர் கேட்க மறக்க மாட்டார்.

புதிய கட்டடமோ புதிய துறையோ இதற்குத் தேவையில்லை. குழந்தையின் அட்டையில் தாய்க்கு ஒரு வரி இடம் போதும். அந்த ஒரு வரி இருந்திருந்தால், என் மகளுக்கு நான்கு ஆண்டுகள் வீணாகியிருக்காது.