வலிக்காத புண்தான் ஆபத்து

சிங்கப்பூரில் நீரிழிவு காரணமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு முறை கால்விரல், பாதம் அல்லது கால் அகற்றப்படுகிறது. இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால், இவற்றில் பல எங்கே தொடங்குகின்றன என்பதைக் கவனிப்பதில்லை. புதுச் செருப்பு கடித்த இடம், நகம் வெட்டும்போது பட்ட கீறல், குதிகால் வெடிப்பு என ஏதோ ஒரு சின்னப் புண்தான் தொடக்கம்.

சுகாதார அமைச்சு 2016ல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. மறு ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 10ல் 6 பேருக்கு நீரிழிவு இருப்பதைச் சுட்டினார். பானங்களின் சர்க்கரை அளவைக் காட்டும் ‘நியூட்ரி-கிரேட்’ முத்திரைகள் 2022 இறுதியில் அறிமுகமாயின. இவை பெரும்பாலும் நோய் வராமல் தடுப்பதற்கானவை. ஏற்கெனவே நோயுடன் வாழும் நம் தாத்தா பாட்டிக்கும் பெற்றோருக்கும் பாதப் பராமரிப்பும் அதே அளவு முக்கியம்.

ஏன் பாதம்? ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால் நரம்புகள் பழுதடைந்து பாதம் மரத்துப்போகலாம். முள் குத்தினாலும் தெரியாது. ரத்தக் குழாய்கள் குறுகினால் புண் ஆறத் தேவையான ஆக்சிஜன் போதிய அளவு சேராது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் மந்தமாகின்றன. வலி இல்லாததால் அந்தப் புண்மீதே நடக்கிறார்கள். கிருமி எலும்புவரை பரவலாம்.

“ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் ஆறிவிடும்” என்று பலர் நம்புகிறார்கள். மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் புண்ணுக்குச் செல்ல வேண்டும். ரத்தம் சரியாகப் போகாத இடத்துக்கு மருந்தும் சரியாகப் போகாது. எனவே, மருத்துவர்கள் அழுகிய திசுவை அகற்றி, மாதிரியைச் சோதித்து, கிருமிக்கேற்ற மருந்து தருகிறார்கள். தேவைப்பட்டால் அடைபட்ட ரத்தக் குழாயைத் திறக்கிறார்கள். புண்மீது எடை விழாதிருக்கச் சிறப்புக் காலணியோ கட்டோ போடுகிறார்கள். சர்க்கரையும் கட்டுக்குள் வரவேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் புண் மாதக்கணக்கில் இழுக்கும். அதேவேளையில், கிருமித்தொற்று அறிகுறி இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று 2023ல் வெளியான அனைத்துலக வழிகாட்டி கூறுகிறது.

இத்தனை வழிகள் இருந்தும் கால்கள் பறிபோக ஒரு முக்கியக் காரணம், தாமதம். “வலிக்கலையே, அடுத்த அப்பாயின்ட்மென்டில் காட்டிக்கலாம்” என்பார் அப்பா. “ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துடுவாங்க” என்று பாட்டி புண்ணை மறைப்பார். அந்தப் பயம் தாமதத்தை உண்டாக்குகிறது. தாமதமோ அந்தப் பயத்தையே உண்மையாக்கிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் இளையர்கள் உதவ முடியும். மூத்தவர்களால் குனிந்து உள்ளங்காலைப் பார்ப்பது கடினம்; கண்பார்வையும் மங்கியிருக்கலாம். இரவில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு மூன்றையும் பாருங்கள். வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலுடன் சுற்றி வந்த நாளில் மறக்காமல் பாருங்கள். சிவப்பு, வீக்கம், சீழ், துர்நாற்றம், கறுத்த தோல் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். புண் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை அவசியம். பலதுறை மருந்தகங்களில் அதைச் செய்துகொள்ளலாம்.

“வலிக்குதா பாட்டி?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். ஆகவே, கேட்பதோடு நிறுத்தாமல் காலைப் பாருங்கள்.