மறைத்த மௌத்து



2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, ஊரடங்கு வந்தது. பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டனர். கொவிட்டில் மௌத்தானோரின் ஜனாஸாக்களோ எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்க அனுமதி கிடைத்தது.

என் மாணவன் ஒருவனின் உம்மும்மாவும் அவ்வாறு எரிக்கப்பட்டவர். பதினான்கு வயதுப் பிள்ளை தாங்கமாட்டான் என்று, "அடக்கிட்டாங்க" எனச் சொல்லிவிட்டார்கள். பெருநாளன்று, "கபுறு எங்கே? ஸியாரத் செய்யணும்" என்றான். வீடே மௌனமானது. பின்னர் என்னிடம் அழுதான்: "எரிச்சதைவிட, எனக்கு மட்டும் சொல்லாததுதான் வலிக்குது மௌலவி."

யூஸுஃப் (அலை) சிறுவராயிருந்தபோதே, கனவை இரகசியமாக வைக்கும் பொறுப்பை யஃகூப் (அலை) அவர்களிடமே ஒப்படைத்தார்கள். பிள்ளையை நம்புங்கள், அருகே இருத்தி உண்மையைச் சொல்லுங்கள். எரிக்கப்பட்டது மையித்தின் குற்றமல்ல. கபுறு இல்லாவிட்டாலும் பேரனின் துஆவுக்குத் தடையில்லை. சேர்ந்து கையேந்துங்கள்.