புட்டியின் மேல் ஒரு பெயர்

அடுத்த அறைத் தோழி வளர்ச்சி உயிரியல் ஆய்வாளர். சென்ற மாதம் தம் ஏழு மாத உழைப்பை ஒரே மாலையில் ஒதுக்கிவைத்தார். வளரும் எலும்பின் குருத்தெலும்பில் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் சமிக்ஞைப் புரதத்தைக் கண்டுவிட்டதாக அவர் நம்பியிருந்தார். எதிர்ப்பொருள் இட்ட திசு நுண்ணோக்கியின் கீழ் அழகாக ஒளிர்ந்தது. ஆனால் அதே திசுவில் அம்மரபணுவின் ஆர்என்ஏவைத் தேடியபோது ஒன்றும் இல்லை. ஒளிர்ந்தது அதன் உடன்பிறப்பான இந்தியன் ஹெட்ஜ்ஹாக். புட்டியிலும் தகவல் தாளிலும் இருந்தது முதற்பெயர் மட்டுமே.

நான் மொழியியல் மாணவி, பிப்பெட் பிடித்தறியேன். ஆயினும் இச்சிக்கல் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. எதிர்ப்பொருளும் ஒரு சொல்லைப் போன்றதே. ஏதோ ஒன்றைச் சுட்டுகிறது. எதைச் சுட்டுகிறது என்பதே கேள்வி.

இக்குடும்பத்தின் பெயர் வரலாறு சுவையானது. பழ ஈயில் இம்மரபணு பழுதுற்றால் புழுவின் உடலெங்கும் முட்கள் அடர்கின்றன. எனவே, 1980இல் வெளிவந்த நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ் ஆய்வு அதனை முள்ளெலி என்று அழைத்தது. பாலூட்டிகளில் அதன் இணைகள் மூன்று. இரண்டுக்கு முள்ளெலி இனங்களின் பெயரும், ஒன்றுக்கு வீடியோ விளையாட்டு நாயகனின் பெயரும் வாய்த்தன. கருவின் நரம்புக்குழலில் எந்த உயிரணு எந்த நரம்பணுவாக வேண்டும் என்பதைச் சானிக்கின் செறிவு தீர்மானிக்கிறது. வளரும் எலும்பின் குருத்தெலும்பில் அத்தகைய பணி இந்தியனுடையது.

5இ1 என்னும் ஒற்றைக்குளோன் எதிர்ப்பொருள் இத்துறையில் புகழ்பெற்றது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஹைப்ரிடோமா வங்கி அதனை ஆய்வகங்களுக்கு வழங்குகிறது. சானிக்கைக் காட்டுவதற்கென்றே பலரும் அதனைக் கையாள்கின்றனர். ஆனால் அது மூன்று இணைகளையும் பற்றும். நம் இலக்கணம் இதனைப் பல பொருள் குறித்த ஒரு சொல் என்னும். மேலும், அது பற்றுவது புரதத்தின் மடிந்த வடிவத்தை. வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் மடிப்பவிழ்ந்து கிடக்கிறது. அங்கும் அதே விடையை எதிர்பார்க்க முடியாது. சூழல் மாறினால் பொருளும் மாறும்.

இவையெல்லாம் 5இ1 குறித்து அறியப்பட்டவை. ஆகவே அது நல்ல கருவியே. எங்கு நம்பலாம், எங்கு நம்பக்கூடாது என்று தெரிந்த கருவி. என் குறை, இத்தகைய செய்திகள் ஏதுமின்றி விற்கப்படும் எதிர்ப்பொருள்கள் மீதும், அவற்றைக் கேள்வியின்றி ஏற்கும் நம் வழக்கத்தின் மீதும்தான். தோழி பின்பற்றிய கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ‘சானிக் ஹெட்ஜ்ஹாக் எதிர்ப்பொருள் பயன்படுத்தப்பட்டது’ என்ற ஒரே வரி இருந்தது. குளோன் பெயர் இல்லை. கேட்டலாக் எண் இல்லை. லாட் எண் இல்லை. பேசியவர் யார், எவ்வூரார் என்று குறிக்காத களத்தரவை எங்கள் துறையில் எந்த மதிப்பாய்வாளரும் ஏற்கமாட்டார்.

‘எல்லோரும் இதைத்தானே பயன்படுத்துகிறார்கள்?’ என்பது வழக்கமான மறுமொழி. என் ஒப்புமை முறிவது இங்கேதான். ஊரார் வழக்கு சொல்லுக்குப் பொருளைத் தரும். புரதத்துக்குத் தராது. நூறு கட்டுரைகள் மேற்கோள் காட்டினாலும், தவறான புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் சரியானதைப் பற்றத் தொடங்காது.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. குளோன், கேட்டலாக், லாட் எண்களை எழுதுங்கள். அம்மரபணு நீக்கப்பட்ட திசுவில் ஒளி அணைகிறதா என்று காட்டுங்கள். அத்தகைய சுண்டெலி நம் ஆய்வகங்களுக்கு எளிதில் கிட்டாது என்பது உண்மை. அப்போது ஆர்என்ஏ போன்ற வேறொரு சான்றையேனும் இணையுங்கள். அதனை ஏழாம் மாதத்தில் அன்று, முதல் வாரத்திலேயே செய்யுங்கள். ஒவ்வொரு துறையிலும் ஒரு பொதுப் பதிவேடு இருக்கட்டும்: எந்த எதிர்ப்பொருள், எந்தத் திசுவில், எப்படித் தோற்றது என்று. தோல்வியை எழுதிவைக்க இடமில்லாத துறையில் அடுத்த மாணவரும் அதே புட்டியை வாங்குவார்.

ஐந்தாண்டு உதவித்தொகைக் காலத்தில் ஏழு மாதம் சிறிதன்று. தோழியின் தவறு, புட்டியின் மேலிருந்த பெயரை நம்பியது. அந்தப் பெயரைச் சோதித்துப் பார்க்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பது நம் எல்லோருடைய தவறு.