டைகருக்கு ஒரு ரூம் ரெடி!

'இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு நாயைப் பத்தி என்னடா தெரியும்?'னு நீங்க கேக்குறது காதுல விழுது. கொஞ்சம் பொறுங்க. இந்த வார மேட்டர்ல வெல்டிங் இருக்கு, டிசைன் இருக்கு, பத்தாததுக்கு ஒரு உயிரும் இருக்கு.

எங்க கடம்பத்தூர் பக்கம் ஒரு ரவுண்டு வந்து பாருங்க. காலையில ஆறரைக்கெல்லாம் பாதி வீடு காலி. அப்பா காக்களூர் தொழிற்பேட்டைக்கோ, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்கோ கிளம்பிடுவார். பசங்க லோக்கல் ட்ரெயினைப் பிடிச்சு காலேஜுக்கு ஓடுவாங்க. வீட்டுல மிச்சம் நாய் மட்டும்தான். தெருவுல விட்டா வண்டியில அடிபடும், வீட்டுக்குள்ள விட்டா செருப்பைக் கடிச்சுத் துப்பும். அதனால எல்லாரும் கண்டுபிடிச்ச ஒரே தீர்வு... கூண்டு! வெல்டிங் பட்டறையில சொன்னா ரெண்டே நாள்ல ரெடி.

அப்படி ஒரு கூண்டுலதான் என் கிளாஸ்மேட் வீட்டு டைகர் வளர்ந்தான். போன மே மாசம் அவனுக்குச் சாப்பாடு இறங்கல. கூப்பிட்டா வாலை மட்டும் லேசா ஆட்டுவான், எழுந்திரிக்க மாட்டான். 'வெயிலுக்கு அப்படித்தான்டா இருக்கும்'னு வீட்டுல மோர் ஊத்தினாங்க. நாலாவது நாள் மூக்குல ரத்தம்! ஆட்டோவுல போட்டுக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினோம். அவர் முதல்ல வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. வயித்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கங்கே சிவப்புப் புள்ளி. ரத்த டெஸ்ட்ல பிளேட்லெட் எக்கச்சக்கமா இறங்கியிருந்தது. "உண்ணிக் காய்ச்சல் தம்பி"ன்னார்.

(ஒரு நிமிஷம். மனுஷங்களுக்கு வர்ற ஸ்க்ரப் டைஃபஸையும் பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னுதான் போடுறாங்க. அது வேற கிருமி, இது வேற கிருமி. குழப்பிக்காதீங்க!)

டைகருக்கு வந்தது 'எர்லிக்கியா கேனிஸ்'ங்கிற பாக்டீரியாவால வர்ற நோய். உலகத்துல இதை முதல்ல கண்டுபிடிச்சது 1935-ல, அல்ஜீரியாவுல. நம்ம நாட்டுல முதல் பதிவு எங்கே தெரியுமா? 1944-ல, சாட்சாத் நம்ம மெட்ராஸ்ல! 1960-களோட கடைசியில வியட்நாம் போர்ல அமெரிக்க ராணுவத்தோட மோப்ப நாய்கள் நூத்துக்கணக்குல செத்ததும் இதே நோயாலதான். மெட்ராஸுக்கு அது வந்து எண்பது வருஷம் தாண்டியாச்சு, நாம இன்னும் 'வெயில் சூடு'ன்னு மோர் ஊத்திட்டு இருக்கோம்.

இந்தக் கிருமி நாயோட வெள்ளை அணுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். உண்ணி கடிச்சு ஒண்ணுலருந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், சோர்வு, பசியின்மை எல்லாம் வரும். அப்புறம் தானாவே சரியான மாதிரி ஒரு ஆக்ட்டு கொடுக்கும். அதுதான் டேஞ்சர்! மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல சத்தமில்லாம ஒளிஞ்சிருந்து, கடைசியில எலும்பு மஜ்ஜையிலயே கை வெச்சிடும். அந்த ஸ்டேஜுக்குப் போயிட்டா காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம்.

சீக்கிரம் பிடிச்சா மருந்து இருக்கு. வழக்கமா டாக்டருங்க எழுதுறது டாக்ஸிசைக்ளின், ஏறக்குறைய 28 நாள். ரெண்டாவது, மூணாவது நாளே நாய் எழுந்து ஓட ஆரம்பிச்சிடும். உடனே 'சரியாயிடுச்சு'ன்னு மாத்திரையை நிறுத்துனா, கிருமி திரும்ப அரியர் எழுத வந்துடும். முழு கோர்ஸும் முடிக்கணும். வெறும் வயித்துல வேண்டாம், சாப்பாட்டோட கொடுங்க. பால்ல கலந்து கொடுத்தா மருந்து சரியா உடம்புல சேராது. முக்கியமா, வீட்டுல இருக்கிற வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரையை நீங்களா கொடுக்கவே கூடாது. நமக்குச் சாதாரணமா இருக்கிற ஐபுப்ரோஃபன் நாய்க்கு விஷம். பிளேட்லெட் இறங்கின நாய்க்கு ரத்தக்கசிவை இன்னும் கூட்டும்.

இன்னொரு விஷயம், தொட்டுப் பார்த்து 'உடம்பு சுடுதே'ன்னு முடிவு பண்ணாதீங்க. நாயோட நார்மல் சூடே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தெர்மாமீட்டர்ல 103-ஐத் தாண்டினா அது காய்ச்சல்.

டைகர் பொழைச்சுட்டான். ஆனா எங்க மண்டையைக் குடைஞ்ச கேள்வி ஒண்ணு இருந்தது. வாராவாரம் குளிப்பாட்டுற நாய், தெருவுக்கே போகாத நாய், அதுக்கு எப்படி உண்ணி?

பதில் கூண்டுலயே இருந்தது. நாய்மேல ஏறுற பழுப்பு உண்ணி, வாழ்க்கையில பெரும்பாலான நாளை நாய்மேல கழிக்கிறதே இல்லை! குஞ்சா ஒரு தடவை, அடுத்த பருவத்துல ஒரு தடவை, வளர்ந்தப்புறம் ஒரு தடவை, மொத்தம் மூணு தடவை மட்டும் ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி இடுக்குல பதுங்கிடும். வயிறு ரொம்பின பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும். சுவர் விரிசல், கதவு சந்து, கூண்டு மூலைன்னு எங்க இடுக்கு கிடைச்சாலும் அதுக்கு ஓகே.

இங்கேதான் மெக்கானிக்கல் மூளை வேலை செய்யணும். டைகர் கூண்டு ஸ்கொயர் பைப்ல செஞ்சது. பைப்போட வாய் எல்லாம் திறந்தே இருந்தது. ஜாயின்ட்டுல முழுசா வெல்டு ஓட்டாம அங்கங்கே பொட்டு வெச்ச மாதிரி டேக் வெல்டு. ஒவ்வொரு இடைவெளியும் உண்ணிக்கு வாடகை இல்லாத சிங்கிள் ரூம்! ஒரு குச்சியை விட்டுக் குடைஞ்சா பொலபொலன்னு கொட்டுது. நாய் ஓட முடியாம உள்ளே இருக்கு, உண்ணி பக்கத்து ரூம்லயே இருக்கு. வேற என்ன வேணும் அதுக்கு?

அதனால பட்டறைக்குப் போனா இப்படிக் கேளுங்க: "அண்ணே, ஜாயின்ட் எல்லாம் ஃபுல் வெல்டு ஓட்டிடுங்க. பைப் வாயை மூடிடுங்க. தரையில பலகை வேணாம், கழுவுற மாதிரி தட்டு போடுங்க." ஏற்கெனவே கூண்டு இருந்தா இடுக்கை எம்-சீல் வெச்சு அடைங்க. கோணிச் சாக்கை வாரம் ஒரு தடவை கொதிக்கிற தண்ணியில போட்டு எடுங்க. கூண்டு பக்கத்துச் சுவர் விரிசலையும் விடாதீங்க, இந்த உண்ணி மேலே ஏறுற பார்ட்டி.

நாய்மேல இருக்கிற உண்ணிக்கு? சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. விரலால நசுக்காதீங்க. மண்ணெண்ணெய் தடவுறது, ஊதுபத்தி வெச்சு சுடுறது, மாட்டுக்கு வாங்கின உண்ணி மருந்தைக் கண்ணளவா ஊத்துறது... ப்ளீஸ், வேண்டாம். நாய் நக்கும்! ஒரு மாசத்திலிருந்து மூணு மாசம் வரை வேலை செய்யுற உண்ணி மாத்திரைகள் இப்போ கிடைக்குது. டாக்டர்கிட்ட எடையைச் சொல்லி வாங்குங்க. வலிப்பு வர்ற நாயா இருந்தா அதை முதல்லயே சொல்லிடுங்க.

'அப்போ கூண்டே வேணாமா?'ன்னா, வேணும். ஆனா அது லாக்கப் இல்லை, ரூம். நாய் உள்ளே நின்னா தலை இடிக்கக் கூடாது, திரும்ப முடியணும், காலை நீட்டிப் படுக்க முடியணும். மூக்குல இருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரை அளந்து நாலு இஞ்ச் கூட்டிக்கோங்க.

பழக்குறது எப்படி? முதல் ரெண்டு, மூணு நாள் கதவைத் திறந்தே கட்டி வைங்க, பட்டுன்னு அடிச்சா நாய் மிரண்டுடும். சாப்பாட்டுத் தட்டை வாசல்ல வைங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே தள்ளுங்க (தட்டைத்தான், நாயை இல்லை!). தைரியமா உள்ளே நின்னு சாப்பிட ஆரம்பிச்சா, சாப்பிடுற நேரம் மட்டும் கதவைச் சாத்துங்க. முடிச்சதும் திறந்துடுங்க. அப்புறம் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி. லேசா முனகினா, சத்தம் நிக்கிற நொடியில திறங்க. ஆனா எச்சில் ஒழுக, கம்பியைக் கடிச்சுப் பதறினா அது அடம் இல்லை, பயம். ரெண்டு ஸ்டெப் பின்னாடி போங்க. செருப்பைக் கடிச்சதுக்குத் தண்டனையா உள்ளே தள்ளுனீங்கன்னா, பழக்கினது எல்லாம் வேஸ்ட்.

எவ்வளவு நேரம் அடைக்கலாம்? குட்டிக்கு ஒரு ஈஸி ஃபார்முலா: வயசு எத்தனை மாசமோ, அதோட ஒண்ணு கூட்டுங்க. மூணு மாசக் குட்டின்னா அதிகபட்சம் நாலு மணி நேரம். பெரிய நாயையும் பகல்ல நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல அடைக்காதீங்க. காலை ஆறரைக்குப் பூட்டி ராத்திரி ஏழுக்குத் திறக்கிறதுக்கு எந்த ஃபார்முலாவும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு சாவி கொடுங்க, மதியம் ஒரு தடவை வெளியே விடச் சொல்லுங்க. இல்லையா, கூண்டுக் கதவைத் திறந்து வராந்தாவை மட்டும் அடைச்சு வைங்க.

மொட்டை மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகர ஷெட்டுல கூண்டை வைக்கவே வைக்காதீங்க. அக்னி நட்சத்திரத்துல நம்ம பக்கம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு முழுக்க வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கணும்.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. நாய் அசைய முடியாத கூண்டுல அடைக்கிறதும், எப்பவும் கட்டியோ அடைச்சோ வெச்சிருக்கிற நாயை உலாத்தக் கூட்டிட்டுப் போகாததும் குற்றம்.

டைகரோட கூண்டு இப்போ ஃபுல் வெல்டு. தினமும் சாயங்காலம் காது மடல், கழுத்துப்பட்டைக்கு அடியில, கால் விரல் இடுக்குன்னு அஞ்சு நிமிஷ செக்கிங். உங்க வீட்டுக் கூண்டு எப்படின்னு தெரிஞ்சுக்க ஒரு சிம்பிள் டெஸ்ட்: கதவை விரியத் திறந்து வெச்சுட்டு, மதியத் தூக்கத்துக்கு உங்க நாய் எங்கே போய்ப் படுக்குதுன்னு பாருங்க. தானா உள்ளே போனா, நீங்க பாஸ்!

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். பை!