மணி ஒலித்தால் போதுமா?

நாமக்கல்லில் லாரியும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டியும், சேலத்தில் விசைத்தறியும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையும் பெரும்பாலும் கடனில் சுழலும் தொழில்கள். ஒருவரது பான் எண்ணைக் கொண்டு வேறொருவர் வாங்கிய சிறுகடன் நிலுவையில் நின்றால், அவர் அடுத்த லாரிக்குக் கேட்கும் கடன் 'சிபில்' காரணம் காட்டி மறுக்கப்படலாம். தரவுக் கசிவு பெருநகரங்களின் கவலை மட்டுமே என்று இப்பகுதியினர் எண்ணிவிட முடியாது.

2024-இல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவன வாடிக்கையாளர்களின் விவரங்கள் டெலிகிராம் வழியே கசிந்தன. 3.1 கோடி பேரின் தகவல்கள் தன்னிடம் இருப்பதாக ஊடுருவியவர் கூறிக்கொண்டார். கசிந்தவற்றில் மருத்துவ அறிக்கைகளும் இருந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது.

இத்தகைய நேரங்களில் அமெரிக்க நிறுவனங்கள் வழக்கமாக அளிக்கும் பரிகாரம் 'இலவசக் கடன் கண்காணிப்பு'. நம் பெயரில் யாரேனும் கடன் கேட்டால் எச்சரிக்கை வரும். 2017-இல் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் தகவல்கள் களவுபோயின. 2019-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கண்காணிப்பு அல்லது 125 டாலர் வரை ரொக்கம் பெறலாம் என்றனர். ரொக்கத்துக்கு ஒதுக்கியதோ 3.1 கோடி டாலர். முழுத்தொகை இரண்டரை லட்சம் பேருக்குக்கூடப் போதாது. விண்ணப்பங்கள் குவிந்ததும், கண்காணிப்பையே தேர்ந்தெடுக்குமாறு அந்நாட்டு வர்த்தக ஆணையம் மக்களைக் கேட்டுக்கொண்டது.

இலவசமாகக் கிடைத்தால் பெற்றுக்கொள்ளலாம். ஆயினும் அது திருடன் வாசலுக்கு வந்தபின் ஒலிக்கும் மணி, கதவைப் பூட்டாது. சேவை சில ஆண்டுகளில் முடிந்துவிடும். பிறந்த தேதியும் பான் எண்ணும் கடவுச்சொல்லைப்போல் மாற்றத்தக்கவை அல்ல. வெளியான நோய் விவரத்தை எந்தக் கண்காணிப்பும் மீட்டுத் தராது.

மேலும், அச்சேவையின் பெரும்பகுதி நமக்கு ஏற்கெனவே உரிமையாக உள்ளது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2017 முதல் நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என முறைவைத்துக் கேட்டால் ஆண்டு முழுவதும் கண்காணித்ததாகும். 2024 ஏப்ரல் முதல், நம் அறிக்கையைக் கடன் நிறுவனங்கள் பார்த்தால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரவேண்டும். பிழை குறித்த புகார் 30 நாள்களில் தீராவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு.

நமக்கு இல்லாதவை இரண்டு. ஒன்று, புதிய கடனுக்காக எவரும் பார்க்க இயலாதபடி நம் அறிக்கையை நாமே முடக்கிவைக்கும் சட்டபூர்வ உரிமை. அமெரிக்கா இதை 2018-இல் கட்டணமில்லா உரிமையாக்கியது. மற்றொன்று, இழப்பீடு. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வகைசெய்கிறது. அத்தொகை அரசின் தொகுப்பு நிதிக்கே செல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு காட்டிய இழப்பீட்டு வழியையும் இச்சட்டம் நீக்க வகைசெய்துள்ளது.

கசிவின் செலவு கசியவிட்டவரைச் சேராதவரை, அவர் பாதுகாப்பில் போதிய முதலீடு செய்யமாட்டார் என்பது பொருளியலின் அரிச்சுவடி. லாரிக் கடன் மறுக்கப்பட்டவருக்கு அரசின் கருவூலத்தில் சேர்ந்த அபராதத்தால் பயனில்லை. அறிக்கையை முடக்கும் உரிமையையும் நேரடி இழப்பீட்டையும் சட்டமாக்குவதே அரசு செய்யவேண்டியது. அதுவரை, நமக்குள்ள இலவச அறிக்கையையேனும் இந்தக் காலாண்டிலேயே கேட்டுப் பெறுவோம்.