வரிக்குறைப்பும் மலையகம் கொடுத்த விலையும்

தேர்தல் மேடைகளில் வரிக்குறைப்பைப் போல் எளிதில் கைதட்டல் பெறும் வாக்குறுதி பிறிதொன்றில்லை. வரி குறைந்தால் கையில் பணம் மிஞ்சும் என்ற கணக்கு எவருக்கும் விளங்கும். அந்தப் பணம் எந்தச் சேவையிலிருந்து கழிக்கப்படுகின்றது என்ற மறுபக்கக் கணக்கை மேடையில் எவரும் வாசிப்பதில்லை. அந்த மறுபக்கத்தை இந்நாடு பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. அவ்விலையில் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்ட மக்கள் செலுத்திய பங்கு இன்றுவரை போதியளவு பேசப்படவில்லை.

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வெற்றியீட்டிய கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம், பதவியேற்ற சில நாட்களுக்குள்ளேயே பாரிய வரிச்சலுகைகளை அறிவித்தது. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியும், உழைக்கும்போது செலுத்தும் வரியும் நீக்கப்பட்டன. பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய வருடாந்தப் புரள்வு 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனாக உயர்த்தப்பட்டது. 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 வீதத்துக்கு மேல் இருந்த அரச வருமானம் 2021இல் ஏறத்தாழ 8 வீதமாகச் சரிந்தது.

இச்சலுகைகளால் ஆதாயமடைந்தோர் யார்? அன்று தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. வருமான வரியின் வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. 2019ஆம் ஆண்டின் அரச புள்ளிவிபரங்களின்படி, நாடளாவிய வறுமை 14.3 வீதமாக இருக்க, தோட்டத்துறையில் அது 33.8 வீதமாக இருந்தது. செலுத்தாத வரியில் கிடைக்கும் சலுகை வெறும் செய்தி மாத்திரமே.

ஆனால், விளைவு அவரைத் தேடி வந்தது. நாட்டின் கடன் தரமதிப்பீடு வீழ்ச்சியடைந்து, வெளிநாட்டுச் சந்தையில் கடன் பெறும் வழி அடைபட்டு, டொலர் கையிருப்பு கரைந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது. 2021இல் சுமார் 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடப்படும் தொழிலாளிக்கு அதன் பொருள் அரைநாள் சம்பளம் என்பதே. குறைக்கப்பட்ட வரி மீண்டும் உயர்ந்தபோது அது எல்லோர் தலையிலும் ஒரே வீதத்தில் விழுந்தது. 2022இல் 12, பின்னர் 15, 2024 ஜனவரி முதல் 18 வீதம் எனப் பெறுமதி சேர் வரி ஏறியது.

கொவிட் தொற்றும் பழைய கடன்சுமையும் இந்நெருக்கடிக்குக் காரணங்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், பொருளாதார முகாமைத்துவத்தில் பொதுமக்களின் நம்பிக்கை மீறப்பட்டது என 2023 நவம்பரில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், 2019 வரிக்குறைப்பையும் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டிக்காட்டியமை கவனத்திற்குரியது.

இது எமக்கு மட்டும் நேர்ந்த அனுபவமன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1978இல் மக்கள் நேரடியாகவே வாக்களித்துச் சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்தனர். வீட்டு உரிமையாளர்கள் ஆறுதல் அடைந்தனர். உள்ளூராட்சி மன்றங்களும் பாடசாலைகளும் நூலகங்களும் நிதியின்றித் தடுமாறின. அங்கு வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி, இங்கு தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருந்தது. வேறுபாடு அவ்வளவே.

மலையகத்தைப் பொறுத்தவரை இதில் உயிர்ப் பிரச்சினையும் அடங்கியுள்ளது. மகாவலி, களனி ஆகிய இரு பெரும் நதிகளும் இம்மலைகளிலேயே ஊற்றெடுக்கின்றன. காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை நீர்த்தேக்கங்கள் நாட்டுக்கு மின்சாரம் தருகின்றன. மேலே சரிவுகளில் மண் அரிக்கப்பட்டால் கீழே நீர்த்தேக்கத்தில் வண்டல் படியும். சரிவுகளை ஆய்வு செய்தல், வடிகான் அமைத்தல், தாங்குசுவர் கட்டுதல், மரம் நடுதல், ஆபத்தான லயன்களிலுள்ளோரை வேறிடத்தில் குடியேற்றுதல் ஆகியன அனைத்தும் திறைசேரியின் பணத்தில் நடைபெற வேண்டியவை. சம்பளத்தையும் கடன் வட்டியையும் அரசு நிறுத்த இயலாது. ஆதலால் வருமானம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது இத்தகைய பணிகளே. இவை தடைப்பட்டாலும் அடுத்த அடைமழை வரை எவருக்கும் தெரியாது.

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தை லயன்கள் மண்ணுள் புதைந்தன. அங்கிருந்து வெளியேற வேண்டும் என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. இல்லாதிருந்தது மாற்று நிலமும் வீடுமே. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. எச்சரிக்கை மட்டும் எவரையும் காப்பதில்லை; அதனைத் தொடர்ந்து வரும் நிதியே காக்கும்.

பொதுச்சேவைகளின் கதையும் இதுவே. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் சேவையாற்றத் தடையாயிருந்த சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலிலேயே நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச சபைகள் ஆறாக்கப்பட்டன. நீண்டகாலக் கோரிக்கை நிறைவேறியது. ஆனால், அதிகாரம் வந்த மறு ஆண்டே அரசின் கஜானா வற்றத் தொடங்கியது. அதிகாரம் கிடைத்தும் பாதை செப்பனிடவும் குடிநீர் வழங்கவும் பணமில்லையெனில் அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

வரி எவ்வளவு உயர்ந்தாலும் நன்மையே என நாம் வாதிடவில்லை. அறவிடப்பட்ட வரி அனைத்தும் மலையகத்துக்கு உரிய பங்கோடு வந்ததுமில்லை. 18 வீத மறைமுக வரி ஏழைத் தொழிலாளியை வாட்டுகின்றது. அதனைக் குறைத்து, செல்வந்தரிடம் நேரடி வரியை முறையாக அறவிடுவதே நீதி. ஆகவே, மலையக மக்களின் வாக்கைக் கோரும் எக்கட்சியும், தொழிற்சங்கமும் வரிக்குறைப்பை முன்வைக்குமாயின், இழக்கப்படும் வருமானம் எங்கிருந்து ஈடுசெய்யப்படும் என்பதையும், மண்சரிவு அபாயத்திலுள்ள குடும்பங்களின் மீள்குடியேற்ற நிதியில் கைவைக்கப்படாது என்பதையும் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அவ்வுறுதியைக் கேட்டுப் பெறும் பொறுப்பு மலையகத்தின் மக்கள் பிரதிநிதிகளுடையது. அடுத்த மழைக்காலம் அவர்களின் தேர்தல் நாட்காட்டிக்காகக் காத்திருக்கப் போவதில்லை.